இரண்டு தவணை

அதே நாய்.
அதே பதினெட்டாவது தெரு முனை, டிரான்ஸ்ஃபார்மர் நிழல்.
போன வருஷம் வலது கெண்டைக்கால்,
இப்போது இடது.
கணக்கை நேர் பண்ணிவிட்டது என்று
பிராஞ்சில் யாராவது சிரிப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை வியாசர்பாடி வசூல்.
தலையில் ஹெல்மெட், கையில் டேப்,
அதில் எண்பத்து மூன்று பெண்களின் பெயர்.
என்னை முதலில் பிள்ளைகள் பார்ப்பார்கள், பிறகு கதவுகள்.
எல்லாருக்கும் முன்னால் அது பார்த்துவிடும்,
காது நுனி வெட்டிய செவலை.
கார்ப்பரேஷன் பிடித்துப்போய் ஊசி போட்டு விட்டதற்கு
அந்த வெட்டுத்தான் அடையாளமாம்.
எந்த வருஷத்து ஊசி என்று
காதில் எழுதியிருக்காது.

சுடிதார் கிழிந்த சத்தம்தான் முதலில் கேட்டது.
வலி அப்புறம். ரத்தம் இன்னும் அப்புறம்.

கோட்டீஸ்வரி வீட்டுக் கதவு திறந்தது.
மூன்று வாரமாக எனக்குத் திறக்காத கதவு.
உள்ளே டிவி ஓடும், குக்கர் விசிலடிக்கும்,
சின்னவன் வாசலில் நின்று "அம்மா இல்ல" என்பான்,
சொல்லிவிட்டு உள்பக்கம் திரும்பி
"சரியாம்மா?" என்பான்.

"இன்னாக்கா பாத்துனு நிக்கிற? கால நீட்டு."

அடிபம்பு. துணி சோப்பு.
எதிர்வீட்டிலிருந்து மஞ்சள்தூள் வந்தது, சுண்ணாம்பு வந்தது.
"ஒண்ணியும் அப்பாத. தண்ணி மட்டும்தான்."
எவ்வளவு நேரம் என்றேன்.
"கால் மணி நேரம். எங் கொழுந்தனுக்கு
ஒருத்தரும் கழுவல."
அதற்கு மேல் அவள் பேசவில்லை.
பம்பு மட்டும் கிறீச் கிறீச்சென்று.

மணி பார்க்க டேபைத் திறந்தேன்.
மேல் மூலையில் நேரம்,
நடுவில் சிவப்பில் அவள் பெயர்.
அவளும் பார்த்தாள்.
கை நிற்கவில்லை.

ஸ்டான்லியில் ஊசி வரிசை
சுவரோரமாக வளைந்து படிக்கட்டு வரை.
"பழைய சீட்டு இருக்கா?"
இருந்தது, வண்டி ஆர்.சி. கவருக்குள் நாலாக மடித்து.
சீட்டுத் தொலைக்கிற ஆள் நான் இல்லை,
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
நாலு தேதி, நாலு கையெழுத்து.

"முழுசாப் போட்டிருக்கீங்க. அப்ப ரெண்டே தவணை.
இன்னைக்கு ஒண்ணு, வெள்ளிக்கிழமை ஒண்ணு."

ரெண்டு போதுமா சார்?

டாக்டர் தலை நிமிரவில்லை.
"ஒடம்பு ஒரு தடவை கத்துக்கிச்சு.
ஞாபகப்படுத்தினாப் போதும்."

ஞாபகப்படுத்துவது.
நானும் அதைத்தான் செய்கிறேன் தெருத்தெருவாக.
தவணை என்ற சொல் ஒரு நாளில்
அறுபது முறை என் வாயில் வரும்.
இன்னொருத்தர் எனக்குச் சொல்லிக் கேட்டது அன்றுதான்.
தோலுக்குள் மருந்து இறங்கி
கொசுக்கடி அளவுக்கு ஒரு கொப்புளம் எழும்பியது.

"நாய் கண்ணுல படுதா பத்து நாளைக்குப் பாருங்க.
செத்தாலோ காணாமப் போனாலோ உடனே வாங்க."

யாரைப் பார்க்கச் சொல்வது?

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன்.
மூன்று வாரமாக நான் அடித்து
எடுக்கப்படாத நம்பர்.
"இருக்குதுக்கா. பொறை துண்ணுச்சு."
வியாழன்: "மீன்காரம்மாவத் தொரத்துச்சு."
வெள்ளி, இரண்டாவது ஊசிக்கு நிற்கும்போது:
"தண்ணி குடிக்குதுக்கா. நானே பாத்தேன்."
அந்தத் தண்ணியை அவள் சொன்ன விதம்
வரிசையில் நின்ற என்னை ஒரு நிமிஷம் அசைத்தது.
சனி, ஞாயிறு, திங்கள். இருக்குது. இருக்குது. தூங்குது.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குப் போன் வரவில்லை.
எட்டுக்கும் வரவில்லை.
நான் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.

செத்தது நாயா,
இல்லை இன்று வசூல் நாள் என்பதாலா?
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு
கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டியை இறக்கி ஏற்றினேன்.
ஊசி போட்ட கையில் லேசான அரிப்பு.

முனையிலேயே குரைப்பு.
ஒரு குரைப்புக்கு இத்தனை சந்தோஷப்பட்டு
வண்டியை ஆஃப் பண்ணியவள்
இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே குக்கர் விசில்.
சின்னவன் வாசலுக்கு வந்தான்.

"அம்மா இல்ல" என்றான்.
கொஞ்சம் யோசித்தான்.
"நாய் இருக்குது."